நிறுவனப் பண்பாடும் பெருந்தோட்ட முகாமைத்துவமும்: ஒரு விமர்சன நோக்கு

1. தோற்றுவாய்

வணிக முகாமைத்துவம் பற்றிய நூல்களிலே 1980களின் தொடக்கம் முதலாக மிகுதியாக எடுத்தாளப்பட்டு வரும் கருத்தாக்கங்களுள் ஒன்று 'நிறுவனப் பண்பாடு' என்பதாகும். ஒரு நிறுவனத்தின் வெற்றி தோல்விகளை அதன் மூலதனமும் இயந்திரங்களும் சந்தையும் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அங்குப் பணிபுரிவோர் தமக்குட் பொதுவாகக் கொண்டுள்ள விழுமியங்களும் நம்பிக்கைகளும் நடைமுறைகளும் தீர்மானிக்கின்றன என்பதே இக்கருத்தாக்கத்தின் சாரமாகும். இதிலிருந்து பெறப்படும் முடிபு யாதெனில், திறமையான முகாமையாளன் என்பவன் கணக்கையும் உற்பத்தியையும் மேற்பார்வை செய்பவனாக மட்டுமன்றி, தன் ஊழியரின் மனவுலகை உருவாக்குபவனாகவும் இருத்தல் வேண்டும் என்பதாகும்.

இக்கருத்து இன்று எமது பல்கலைக்கழகங்களிலே தமிழ்மொழி மூலம் முகாமைத்துவம் பயிலும் மாணவர்க்கும் கற்பிக்கப்படுகின்றது. ஆயின் அவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, யப்பானிய நிறுவனங்களையே எடுத்துக்காட்டாகப் பெறுகின்றனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டின் பொருளாதாரத்திற்கு முதுகெலும்பாக இருந்து வந்ததும், தமிழ் பேசும் இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வைப் பிறப்பு முதல் இறப்புவரை ஒழுங்குபடுத்தியதுமான நிறுவனம் ஒன்று எம்மிடையே உண்டு. அதுவே தேயிலைப் பெருந்தோட்டம். நிறுவனப் பண்பாடு எனும் கோட்பாட்டினை அத்தோட்டத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோட்பாடு எங்கே பொருந்துகின்றது, எங்கே தடுமாறுகின்றது, எதனை மறைக்கின்றது என்பன இச்சோதனையின்போது புலனாகும் என நாம் கருதுகின்றோம்.

2. கருத்தாக்கத்தின் வரலாறு

ஊழியரின் மனத்தையும் பழக்கவழக்கங்களையும் ஆளவேண்டும் என்ற எண்ணம் 1980களிலே தோன்றியதன்று. 1914ஆம் ஆண்டு ஹென்றி போர்ட் தமது மோட்டார்த் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு ஐந்து டொலர் ஊதியத்தை அறிவித்தபோது, அதனைப் பெறுதற்குத் தகுதியுடையோர் யாவர் என ஆராய்வதற்கெனச் சமூகவியற் பகுதி ஒன்றையும் நிறுவினார். அதன் பரிசோதகர்கள் தொழிலாளரின் வீடுகளுக்கே சென்று குடிப்பழக்கம், சேமிப்பு, குடும்ப ஒழுக்கம் ஆகியவற்றை விசாரித்தனர். புதிய உற்பத்தி முறைக்குப் புதிய மனிதன் தேவைப்பட்டான் என்பதைத் தமது சிறைக் குறிப்புகளிலே அந்தோனியோ கிராம்சி சுட்டிக்காட்டியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

அடுத்து வந்தவை சிக்காகோ நகருக்கு அண்மையிலுள்ள ஹோதோர்ண் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்ற ஆய்வுகள். எல்ரன் மேயோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இவ்வாய்வுகள், தொழிலாளர்பாற் காட்டப்படும் கவனமும் குழுவுணர்வும் உற்பத்தியை உயர்த்துகின்றன என நிறுவியதாகவே பாடநூல்கள் கூறும். ஆனால் அவ்வாய்வுகளுள் இரு செய்திகள் பெரிதும் பேசப்படுவதில்லை. முதலாவது, அஞ்சற் கருவிகளை இணைக்கும் சோதனையறையிற் பணிபுரிந்த பெண்களுள் இருவர், அதிகம் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்ற காரணங்களால் 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டு, அவர்களுக்குப் பதிலாக வேறிருவர் அமர்த்தப்பட்டனர். இரண்டாவது, 1931-32இல் அவதானிக்கப்பட்ட கம்பி இணைக்கும் அறையில் இருந்த பதினான்கு ஆண்கள் நாளொன்றுக்கு எவ்வளவு வேலை செய்யவேண்டும் எனத் தமக்குள்ளே அளவொன்றை வகுத்திருந்தனர். அதற்கு மேற்படச் செய்தவனது தோளுக்குக் கீழே குத்துவிட்டு அவனைத் தம் வழிக்குக் கொணர்ந்தனர். அங்கும் பண்பாடு இருந்தது. அது முகாமைத்துவத்தின் பண்பாடாக இருக்கவில்லை. மிகை உற்பத்தி செய்தால் கூலிவீதம் குறைக்கப்படும், வேலையாட்கள் நிறுத்தப்படுவர் என்ற அச்சத்திலிருந்து, பொருளாதார மந்தத்தின் நடுவே, தொழிலாளர் தமக்கென ஆக்கிக்கொண்ட பண்பாடாகவே அது இருந்தது.

தொழிற்சாலையொன்றின் 'பண்பாடு' என்ற சொல்லாட்சியை நூற்றலைப்பிலேயே வைத்தவர் எலியற் ஜாக்ஸ் ஆவார். இலண்டனிலிருந்த உலோகத் தொழிற்சாலை ஒன்றினை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது. ஆயினும் இக்கருத்து வணிக உலகிலே பெருஞ்செல்வாக்குப் பெற்றது 1981-82ஆம் ஆண்டுகளிலேயாகும். யப்பானியக் கார்களும் மின்னியற் பொருட்களும் அமெரிக்கச் சந்தையை நிரப்பிய காலம் அது. யப்பானியரின் வெற்றிக்கு அவர்தம் நிறுவனங்களிற் காணப்படும் விசுவாசமும் கூட்டுணர்வுமே காரணம் என வில்லியம் ஊச்சி முதலியோர் எழுதினர். 1982இல் டீலும் கெனடியும் நிறுவனப் பண்பாடுகள் பற்றியும், பீற்றர்ஸும் வாட்டர்மனும் மேன்மையுடைய நிறுவனங்கள் பற்றியும் வெளியிட்ட நூல்கள் பரந்த வாசிப்பைப் பெற்றன. 1985இல் எட்கார் ஷைன் இக்கருத்துக்கு ஒழுங்கான கோட்பாட்டு வடிவம் அளித்தார். கண்ணுக்குப் புலனாகும் வடிவங்கள், வெளிப்படையாகக் கூறப்படும் விழுமியங்கள், எவரும் வினாவாத அடிப்படை எடுகோள்கள் என மூன்று படிநிலைகளில் அவர் பண்பாட்டை வகுத்துக் காட்டினார்.

யப்பானிய எடுத்துக்காட்டில் மறக்கப்பட்டது யாது? 1950இல் ரொயோட்டாவில் நிகழ்ந்த பெரும் தொழிற்பிணக்கின் முடிவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வெளியேறினர். நிறுவனத் தலைவரும் பதவி துறந்தார். 1953இல் நிஸான் நிறுவனத்தின் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டு, நிருவாகத்தோடு ஒத்துழைக்கும் மாற்றுச் சங்கம் அங்கு நிலைநாட்டப்பட்டது. ஆயுட்கால வேலை என்பதும் பெருநிறுவனங்களின் நிரந்தர ஆண் ஊழியர்க்கே பெரிதும் உரியதாயிருந்தது. பெண்களும் தற்காலிகத் தொழிலாளரும் துணை ஒப்பந்தச் சிறு பட்டறைகளில் உழைத்தோரும் அதற்குப் புறத்தே நின்றனர். யப்பானிய இணக்கம் என்பது பழம் மரபின் இயல்பான கனியன்று. தோற்கடிக்கப்பட்ட போராட்டங்களின்மீது எழுப்பப்பட்ட ஓர் உடன்பாடு. வரலாற்றை நீக்கிவிட்டுப் பண்பாட்டை மட்டும் ஏற்றுமதி செய்யமுடியும் என்ற நம்பிக்கையே 1982ஆம் ஆண்டு நூல்களின் அடிப்படைப் பலவீனமாகும்.

3. மூன்று எடுகோள்கள்

மேற்கூறிய எழுத்துக்களைத் தொகுத்து நோக்குமிடத்து, முகாமைத்துவ நெறி சார்ந்த நிறுவனப் பண்பாட்டுக் கோட்பாடு மூன்று எடுகோள்களின்மேல் நிற்பதை அவதானிக்கலாம். முதலாவது, பண்பாடு என்பது நிறுவனத்தில் உள்ளோர் யாவராலும் பகிர்ந்துகொள்ளப்படுவது. இரண்டாவது, அது தலைமையினால் மேலிருந்து ஆக்கப்படுவது. எனவே தலைமை மாறினாற் பண்பாடும் மாறும். மூன்றாவது, அது நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே விளைவது. புறத்தேயுள்ள சாதி, இனம், பால், அரசு, சட்டம் ஆகியன அதன் சூழல் மாத்திரமே.

இக்கோட்பாட்டிற்கு எதிர்ப்பு எழாமலில்லை. 1992இல் கிடியோன் குண்டா உயர்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் இருந்து ஆய்வு செய்து, அங்குப் பொறியியலாளர் தம் மனத்தையே நிறுவனத்திற்கு ஒப்படைக்குமாறு எதிர்பார்க்கப்படுவதை விளக்கினார். 1993இல் ஹியூ வில்மொற், 'பண்பாட்டை வலுப்படுத்தல்' என்ற பெயரில் நடப்பது மாற்றுச் சிந்தனையை ஒடுக்குவதே என வாதிட்டார். இவ்விமர்சனங்கள் பெறுமதி வாய்ந்தனவே. ஆனால் இவையும் மேனாட்டு அலுவலகத்தையும் அதன் உயர்கல்வி பெற்ற ஊழியரையும் முன்னிறுத்தியே எழுந்தன. மனத்தை வெல்ல முயலும் நிறுவனத்தையே இவர்கள் கண்டனர். மனத்தை வெல்லவேண்டிய தேவையே இன்றி, வாழ்வு முழுவதையும் தன் எல்லைக்குள் அடக்கிவைத்திருந்த நிறுவனத்தை ஆராய்வதற்கு நாம் மலையகத்திற்கே வரவேண்டும்.

4. தோட்டம் எனும் நிறுவனம்

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டமையும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கியமையும் யாவரும் அறிந்தனவே. தேயிலை தனக்கெனப் புதியதொரு முகாமைத்துவ முறையை உருவாக்கிக்கொள்ளவில்லை. கோப்பிக் காலத்தில் உருவான கங்காணி முறையையே பெருமளவிற் கையேற்றது. ஆயின் பருவகாலப் பயிரான கோப்பியைப் போலன்றித் தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. எனவே குடும்பங்கள் நிலையாகக் குடியமர்த்தப்பட்டன. உற்பத்தித் தலமும் குடியிருப்பும் ஒன்றாயின. போர்ட் நிறுவனம் தொழிலாளியின் வீட்டை அறியப் பரிசோதகரை அனுப்பவேண்டியிருந்தது. தோட்டத்திலோ வீடே நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்குள் எவர் தங்குகின்றனர், எவர் வந்துபோகின்றனர் என்பதெல்லாம் துரையின் அதிகார வரம்புக்குள் அடங்கின.

கங்காணியை வெறும் ஆட்சேர்ப்பாளன் எனக் கொள்ளுதல் போதாது. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து தன் உறவினரையும் சாதியினரையும் அயலவரையும் திரட்டி வந்த பெரிய கங்காணி, அவர்களுக்கு மூத்தவனாகவும் கடன் கொடுத்தவனாகவும் பிணக்குத் தீர்ப்பவனாகவும் விளங்கினான். அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். ஆளொன்றுக்கெனத் தலைக்காசும், வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவருக்காகப் பென்ஸ் காசும் அவன் பெற்றான். தொழிலாளரின் பயணச் செலவு முதலிய முற்பணம் அவர்தம் கடனாகக் கணக்கிலேறியது. கடனைத் தீர்ப்பவர்க்கு ஆட்களை விடுவிக்க உடன்படுவதாகத் துரை எழுதிக்கொடுக்கும் 'துண்டு' கைமாறியபோது, அதனோடு மனிதரும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினர். துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது 1921இலேயாகும்.

இவ்விடத்து நாம் கவனிக்கவேண்டியது, முகாமைத்துவம் இங்கே புதிய பண்பாட்டை ஆக்கவில்லை என்பதாகும். உறவு, சாதி, மூத்தோர்க்கு அடங்குதல் எனக் கிராமத்திலே ஏற்கெனவே நிலவிய பிணைப்புக்களை அது எடுத்துக்கொண்டு, கூலிக்கணக்கின் கருவிகளாக மாற்றியமைத்தது. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் உயர்சாதியினராயிருந்தமையும், லயங்களிற் குடியிருப்பு சாதி நோக்கி ஒதுக்கப்பட்டமையும் தற்செயலானவையல்ல. தோட்டத்தின் 'பண்பாடு' அதன் எல்லைக்குள்ளே விளைந்தது எனக் கூறும் மூன்றாவது எடுகோள் இங்கேயே தகர்ந்துவிடுகின்றது.

தோட்டத்தின் அன்றாட ஒழுங்கினை நோக்குவோம். விடியுமுன் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் பிரட்டுக்களத்திற் கூடுவர்; அங்கே மலையும் வேலையும் பிரித்துக் கொடுக்கப்படும். துரைக்குக் கீழே சின்னத்துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என அதிகாரம் படிப்படியாக இறங்கிவரும். நிலத்தின் அமைப்பே இப்படிநிலையைக் கண்முன் நிறுத்தியது: மேட்டிலே பங்களா, இடையிலே உத்தியோகத்தர் வீடுகள், தாழ்விலே லயங்கள். ஷைன் கூறும் 'புலனாகும் வடிவங்கள்' என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டினைக் காண்டல் அரிது.

மொழியோ இன்னும் ஆழமான சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென ஏ. எம். பெர்குசன் ஆக்கிய கைந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் வெளியிட்ட மற்றொரு நூல் தோட்டத் தமிழைக் 'கூலித் தமிழ்' என்றே பெயரிட்டது. உலகின் பழைய இலக்கிய மொழிகளுள் ஒன்று, தோட்ட நிறுவனத்தின் வாயிலில் நுழையும்போது ஏவல் வினைமுற்றாகச் சுருங்கியது. அதேவேளை, தொழிலாளர் பேச்சு அந்நிறுவனத்தின் உண்மையை வேறொரு வகையிற் பதிவுசெய்தது. ஒரு நாள் வேலை அவர்கள் வழக்கில் ஒரு 'பேர்'. குறித்த அளவு கொழுந்து பறிக்காத நாளிற் கிடைப்பது 'அரைப்பேர்'. செக்ரோலிற் பெயர் பதியப்படுவதே ஊதியம். ஆகவே பெயரும் கூலியும் ஒரே சொல்லாயின. ஒரு மனிதனின் பெயர் பாதியாக வெட்டப்படக்கூடும் என்பதை இயல்பாகக் கூறும் இவ்வழக்கு, ஷைன் குறிப்பிடும் 'எவரும் வினாவாத அடிப்படை எடுகோள்' யாது என்பதைத் துலாம்பரமாகக் காட்டுகின்றது. தோட்டத்தில் முகாமையாளர் பேச்சும் தொழிலாளர் பேச்சும் வேளாண்மையை வெவ்வேறு வகையில் உணர்த்துவதை மானிடவியலாளர் ஈ. வலன்ரைன் டானியல் ஆராய்ந்துள்ளமையும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

பெண்களின் நிலையைத் தனியே கூறுதல் வேண்டும். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்ப்போர் ஆண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984இலேயே நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுச்செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. வீட்டிலே நிலவிய ஆணாதிக்கமும் மலையிலே நிலவிய மேற்பார்வையும் ஒன்றையொன்று தாங்கிநின்றன. இதனைப் 'பகிர்ந்துகொள்ளப்பட்ட விழுமியம்' என்று கூறுதல், யார் பகிர்ந்தார், யார் சுமந்தார் என்ற வினாவை எழாமற் செய்வதாகும்.

5. தொழிலாளர் ஆக்கிய பண்பாடு

மேற்கூறியவற்றிலிருந்து, தோட்டப் பண்பாடு முழுவதும் துரைமாரின் கைவினையே என்று முடிவுசெய்தல் தவறாகும். அத்தகைய முடிவும், தொழிலாளரை வெறும் களிமண்ணாகக் கருதும் முகாமைத்துவக் கோட்பாடும் ஒரே நாணயத்தின் இருபக்கங்களே.

தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களுக்குக் காவலாக 'ரோதை முனி'யையும், கவ்வாத்துக் காலத்திற் 'கவ்வாத்துச் சாமி'யையும் மலையகத் தொழிலாளர் வழிபட்டு வந்துள்ளனர். இத்தெய்வங்கள் தென்னிந்தியக் கிராமத்திலிருந்து கொண்டுவரப்பட்டவையல்ல. பிரித்தானியரின் இயந்திரமும் அவர்களின் விவசாய முறையும் இல்லையேல் இவை தோன்றியிருக்கவே மாட்டா. இயந்திரத்திற் கைசிக்கும் ஆபத்தும், கவ்வாத்துக் கத்தியின் கூர்மையும், அவற்றின்மீது தமக்கு எவ்வித அதிகாரமும் இன்மையும் சேர்ந்தே இவ்வழிபாட்டைப் பிறப்பித்தன. இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் வேலைத்தலத்தின் பாதுகாப்பின்மை பற்றித் தொழிலாளர் தாமே ஆக்கிய ஆவணமாக இதனைக் கொள்ளுவதே அறிவியல் நோக்காகும்.

காமன் கூத்தும் தேர்த்திருவிழாவும் இவ்வாறே இருதன்மை உடையன. திருவிழாவுக்குத் துரை விடுமுறை அளித்தார். முதல் மரியாதையும் பெற்றார். திருவிழாவுக்கான பணமோ செக்ரோல் வழியாகத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டது. தீபாவளி முற்பணமும் அத்தகையதே. அது நன்கொடையன்று, அடுத்துவரும் மாதங்களிற் சம்பளத்திலிருந்து மீளப்பெறப்படும் கடன். தன்னுடைய உழைப்பின் பயனையே தனக்குக் கடனாகப் பெற்று, அதற்காக நன்றியுடையவனாகவும் தொழிலாளி இருக்கவேண்டிய ஏற்பாடு இது. முகாமைத்துவ நூல்கள் கூறும் 'சடங்குகளின் மூலம் விசுவாசம் வளர்த்தல்' என்பதன் பொருளாதார அடித்தளத்தை இதனினும் எளிதாக விளக்கமுடியாது. ஆயினும் அதே திருவிழாக் களத்திலேயே பல தோட்டத்து மக்கள் கூடினர், செய்திகள் பரவின, துரையும் கங்காணியும் அங்கே பாடலாலும் கூத்தாலும் எள்ளிநகையாடப்பட்டனர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை ஊன்றிப் படிப்போர், பிரட்டுக்களத்திற் பேசமுடியாதவை பாட்டிற் பேசப்பட்டமையைக் காண்பர்.

இப்பண்பாட்டுத் தளத்தின் மீதே தொழிற்சங்கம் எழுந்தது. கோ. நடேசய்யர் 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, அத்துமீறிப் பிரவேசித்தல் பற்றிய சட்டம் வெளியாரைத் தோட்டத்துள் விடவில்லை. அவர் புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்றதாகக் கூறப்படுகின்றது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாடல்கள் மூலமே மக்களிடம் செய்தியைக் கொண்டுசென்றார். துண்டுப்பிரசுரத்தை வாசிக்க இயலாதோர் பாட்டினைக் கேட்டனர். 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலியுயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். அந்நிகழ்வு, 'இணக்கமான' தோட்டப் பண்பாடு எதனால் நிலைநிறுத்தப்பட்டிருந்தது என்பதை வெளிப்படுத்தியது. விழுமியங்கள் தளர்ந்த இடத்திலே துப்பாக்கி வந்து நின்றது.

தொழிற்சங்கமும் தோட்டப் பண்பாட்டின் சாயலிலிருந்து முற்றாக விடுபட்டது எனக் கூறுவதற்கில்லை. பெரிய கங்காணிக் குடும்பங்களிலிருந்து தலைவர்கள் வந்தமையும், சந்தாப்பணம் செக்ரோல் மூலமே கழிக்கப்பட்டமையும், தோட்டத்துத் 'தலைவர்' பதவி ஆண்களுக்கே பெரிதும் உரியதாயிருந்தமையும் மறைக்கத்தக்கன அல்ல. அமைப்பை எதிர்க்க எழுந்த அமைப்பும் அதன் உறுப்புக்களை இரவல் வாங்கவேண்டியதாயிற்று.

6. உடைமை மாற்றமும் பண்பாட்டின் தொடர்ச்சியும்

தலைமை மாறினாற் பண்பாடு மாறும் என்ற இரண்டாவது எடுகோளைச் சோதித்தற்கு இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு அரியதொரு வாய்ப்பினை வழங்குகின்றது. இத்தோட்டங்கள் அரை நூற்றாண்டுக்குள் இருமுறை கைமாறியுள்ளன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களினால் அவை உள்நாட்டுத் தனியாரிடமிருந்தும் பிரித்தானியக் கம்பனிகளிடமிருந்தும் அரசிடம் சென்றன. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

அரசுடைமையின்போது வெள்ளைத்துரை போனார், துரை போகவில்லை. பங்களா, பிரட்டு, செக்ரோல், லயம், அரைப்பேர் ஆகிய யாவும் நிலைத்தன. 'மக்கள் உடைமை' என அறிவிக்கப்பட்ட தோட்டங்களிலேயே 1973-74இல் பட்டினிச்சாவுகள் நிகழ்ந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட தொழிலாளிக்குத் தேசியமயமாக்கப்பட்ட தோட்டத்தில் உடைமைப் பங்கு யாது என்ற வினாவை அன்றைய சீர்திருத்தவாதிகள் எழுப்பவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட இருந்த ஒருவன் 'எமது நிறுவனம்' என எதனைக் கூறுவான்? 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் லயங்களையும் தாக்கியபோது நிறுவன எல்லை அவனுக்கு அரணாகவும் அமையவில்லை.

1992இன் பின்னர் மொழி மாறியது. 'கூலி' என்பது 'மனித வளம்' ஆயிற்று. கம்பனிகள் தம் நோக்கக் கூற்றுக்களையும் விழுமியங்களையும் ஆண்டறிக்கைகளில் அச்சிட்டன. நாம் இம்மாற்றங்களை வெறும் வேடம் எனப் புறந்தள்ளவில்லை. பிள்ளைக் காம்பராக்கள் சீர்பெற்றதும், சில இடங்களிலே தனிவீடுகள் எழுந்ததும் உண்மையே. ஒரே கம்பனியின் கீழுள்ள இரு தோட்டங்களுள் ஒன்றை 'நல்ல தோட்டம்' எனத் தொழிலாளர் வேறுபடுத்திக் கூறுவதுண்டு. முகாமையாளரின் நடத்தை அவர்தம் அன்றாட வாழ்வைப் பாதிக்கின்றது என்பதற்கு அதுவே சான்று. ஆயின் அந்நற்பண்பின் எல்லை எதனால் வரையறுக்கப்படுகின்றது என்பதே வினா. 2021இல் சம்பளச் சபை நாளாந்தக் கூலியை 1000 ரூபாவாக நிர்ணயித்தபோது, கம்பனிகள் நீண்டகாலமாக நிலவிய கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. ஒரு பேருக்குரிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது, வேலைநாட்கள் குறைக்கப்பட்டன எனத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. விழுமியக் கூற்றுக்கள் ஆண்டறிக்கையில் மாறாதிருக்க, அரைப்பேர் மலைக்குத் திரும்பியது.

இன்று கம்பனிகள் முன்வைக்கும் அவுட்குரோவர் முறையினையும் இக்கண்கொண்டே நோக்குதல் வேண்டும். குறித்த அளவு தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பமொன்றிடம் ஒப்படைத்து, அது பறித்துக்கொடுக்கும் கொழுந்துக்கு நிறைப்படி விலை கொடுப்பதே இம்முறை. இது தொழிலாளியைத் 'தங்கியிருக்கும் மனப்பான்மை'யிலிருந்து விடுவித்துத் தொழில்முனைவோனாக்கும் பண்பாட்டு மாற்றம் எனக் கூறப்படுகின்றது. பிரட்டுக்களத்திலிருந்து விடுதலை பெறுவதைப் பல குடும்பங்கள் விரும்பக்கூடும், அவ்விருப்பம் நியாயமானதே. ஆனால் காணியுறுதி கைக்கு வராமலும், ஊழியர் சேமலாப நிதி முதலிய பாதுகாப்புக்கள் உறுதிசெய்யப்படாமலும், விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் தொழிற்சாலையிடமே இருக்கும்போதும், தொழில்முனைவோன் என்ற பெயர் பழைய கொந்தரப்பின் புதிய பெயராகவே முடியும். தங்கியிருக்கும் மனப்பான்மை என்பது தொழிலாளியின் உள்ளத்தில் விளைந்த குறையன்று. வீடும் நிலமும் வேலையும் ஒருவனிடமே இருக்கும் ஏற்பாட்டின் விளைவு. ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மனப்பான்மையை மாற்ற முயல்வது நிழலை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

7. முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நிறுவனப் பண்பாடு என ஒன்று உண்டு. அது முகாமைத்துவத்தில் வலுவான பங்கினை வகிக்கின்றது. இவ்வுண்மையை முகாமைத்துவக் கோட்பாட்டாளர் கண்டுகூறியமை அவர்தம் பங்களிப்பு. கூலியையும் உடைமையையும் மாத்திரம் பேசிய எமது இடதுசாரி எழுத்துக்களுட் பல இதற்கு உரிய இடம் அளிக்கவில்லை. குமாரி ஜயவர்த்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972இல் வெளியிட்ட நூலைப் போன்றவை தொழிற்சங்கத்தின் வரலாற்றைத் தந்தன. பிரட்டுக்களத்தினதும் ரோதை முனியினதும் வரலாறு நாட்டாரியலாளரின் பொறுப்பாகவே நீண்டகாலம் விடப்பட்டது. உடைமை மாறியும் ஒழுங்கு மாறாமைக்கான காரணத்தை 1972இன் பின்னர் எமது முற்போக்காளர் எதிர்பார்க்கத் தவறியமைக்கு இப்புறக்கணிப்பும் ஒரு காரணமாகும்.

எனினும் அக்கோட்பாடு கூறும் வடிவில் அப்பண்பாடு இல்லை. அது யாவராலும் ஒரேவிதமாகப் பகிரப்படுவதன்று. முரண்பட்ட நலன்களுக்கிடையே எட்டப்பட்ட, என்றும் முறியக்கூடிய ஓர் உடன்பாடு. அது மேலிருந்து மாத்திரம் ஆக்கப்படுவதன்று, கீழிருந்தும் ஆக்கப்படுவது. அது நிறுவன எல்லைக்குள் அடங்குவதன்று. சாதியும் பாலும் குடியுரிமைச் சட்டமும் காணியுரிமையும் அதனூடே பாய்கின்றன. உற்பத்தியுறவுகள் பண்பாட்டைத் தீர்மானிக்கின்றன என்று பொதுவாகக் கூறி அமைதல் போதாது. எந்தச் சொல்லில், எந்தச் சடங்கில், எந்தக் கணக்குப் புத்தகத்தின் எந்தப் பத்தியில் அவ்வுறவுகள் வாழ்கின்றன என்பதைக் காட்டுதலே ஆய்வாளரின் கடனாகும்.

இதிலிருந்து இரு பணிகள் எழுகின்றன. முகாமைத்துவம் பயிற்றும் எமது துறைகள் ஹோதோர்ணோடு முல்லோயாவையும், ரொயோட்டாவோடு துண்டு முறையையும் பாடத்தில் இணைத்தல் வேண்டும். மலையகத்திலிருந்து இன்று பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் தம் பாட்டன் பாட்டியர் அனுபவித்த நிறுவனத்தை, தாம் பயிலும் நூல்களிற் காணும் உரிமை உடையவர். மற்றையது, தோட்டங்களின் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் மனப்பான்மையிலிருந்தன்றி, காணி, வீடு, செக்ரோல் ஆகியவற்றிலிருந்து தொடங்குதல் வேண்டும். வீட்டுக்குத் தன் பெயரில் உறுதியுடைய ஒருத்தி, தன் பேர் பாதியாக வெட்டப்படுவதைத் தன் பாட்டியைப் போல ஏற்றுக்கொள்ள மாட்டாள். அந்நாளிலே தோட்டத்தின் பண்பாடும் தானாகவே மாறத் தொடங்கும்.